நாலு மூலை மஞ்சள்

வேணுவுக்குக் கோபம் வந்தால் முதல் காரியமாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். அடிக்கிற அடியில் சட்டை கிழிந்துவிடக் கூடாது பாருங்கள், அப்பேர்ப்பட்ட சிக்கனக்காரன். சட்டை ஆணிக்குப் போனதும் வீட்டில் இருக்கிற மற்ற உயிர்கள் அவரவர் மூலைக்குப் போய்விடும். நாய்கூடக் கரும்புக் கொல்லைப் பக்கம் நடையைக் கட்டிவிடும். மனைவி தமயந்திக்கு மட்டும் போக இடம் கிடையாது. ஒருமுறை மோட்டார் ரூம் சாவியைத் தொலைத்ததற்காக அவள் இடது மணிக்கட்டு முறிந்தது. அது கோணலாகவே கூடி, இன்றைக்கும் பால் கறக்கும்போது வலிக்கிறது. சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். அந்தக் குணம் எந்த இடுக்கில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து அவளும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற சாலையில், மலைக்கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில் அவர்கள் வீடு. வீட்டைச் சுற்றிக் கரும்பு. மகன் ஸ்ரீதர் டிராக்டர் ஓட்டுகிறான். அப்பன் விதைத்தது அப்படியே முளைத்திருந்தது, சட்டையைக் கழற்றுகிற பொறுமை மட்டும் அவனுக்கு வரவில்லை. மகள் கவிப்பிரியா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சாட்சரம் வைத்திருக்கிற ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை செய்தாள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணி பிறந்தால் வேலை குவியும். உனக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வேலையை வீட்டுக்கே எடுத்துப் போ, கூலியும் கூட்டித் தருகிறேன் என்று பஞ்சாட்சரம் சொல்லியிருந்தார்.

வேணு ஒத்துக்கொண்டதுதான் அதிசயம். கரும்புப் பணம் வந்திருந்த நேரம், மகள் வீட்டோடு இருப்பாள் என்கிற கணக்கு வேறு. முப்பத்தைந்தாயிரத்தை எடுத்து வைத்தவன், அதற்குமேல் ஒரு பைசா ஏறினாலும் வாங்கின சாமானைக் கிணற்றில் போட்டுவிடுவேன், கூடவே அவளையும் என்றான். வேடிக்கைக்குச் சொன்னான் என்று வெளியாள் நினைக்கலாம். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பணத்துக்குக் கடையில் தயாராக விற்கிற கம்ப்யூட்டர் எதுவும் வீடியோ வேலைக்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி வாங்கி நாமே பொருத்தினால்தான் கட்டுப்படி ஆகும் என்றான் தன்வீர். தன்வீர் யாரென்றால், பஜார் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற நஜீர் அகமதுவின் மகன். வேணுவின் கிணற்று மோட்டார் எத்தனை தடவை புகைந்ததோ அத்தனை தடவையும் நஜீர் கையால்தான் உயிர் பிழைத்தது. அந்தக் கடையிலேயே ஒரு பக்கம் மேஜை போட்டுத் தன்வீர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தான். கவிப்பிரியா அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். என்ன இருந்தாலும் வயசுப் பெண் தனியாகப் போய் உட்காரக் கூடாது என்று வேணு தமயந்தியைத் துணைக்கு அனுப்பினான். தமயந்திக்கு அது பெரிய விடுதலை. மதியச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறிவிடுவாள்.

கடையில் வார்னிஷ் நாற்றம் மூக்கைத் துளைக்கும். கழற்றிப்போட்ட மோட்டார் ஒன்றின் மேல் சாக்கை மடித்துப் போட்டு நஜீர் அவளை உட்காரச் சொல்வார். அவர் மனைவி ஆலம் பீ, மாடியிலிருந்து டீ அனுப்புவாள். வெளியே மஞ்சள் துணி கட்டிய காவடிக்காரர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். உள்ளே மகளுக்கும் தன்வீருக்கும் பத்து நாளாக ஒரே சண்டை. கவிப்பிரியாவுக்குத் தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று போனில் எதையெதையோ காட்டினாள். பழையது எவன் எப்படி ஓட்டினானோ, கைக்கு வந்த மாசமே படுத்துவிடும் என்று தன்வீர் தலையை ஆட்டினான். புதுக் கார்டு வாங்கினாலோ ப்ராசசருக்குப் பணம் மிஞ்சாது.

"மட்டமான ப்ராசசர் போட்டுட்டு அதுமேல கார்டு மாட்டறது, சோறு வடிக்காத ஊட்ல கறிக்கொழம்பு வெச்சிகினு ஒக்காந்திருக்கறா மாதிரி மா" என்று தமயந்தியைப் பார்த்துச் சொன்னான்.

அவளுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. "அப்ப மொதல்ல சோத்த வாங்குடி" என்றாள் மகளிடம். மூன்று பேரும் சிரித்தார்கள். கடைசியில் படம் காட்டுகிற வேலையையும் தானே செய்துகொள்கிற ப்ராசசர் ஒன்றை முடிவு செய்தார்கள். பட்ஜெட்டில் பெரும் துண்டு அதற்கே போனது. மெமரிக்கான ராம் கொஞ்சம் தாராளமாக, பெட்டி இருப்பதிலேயே மலிவாக, மானிட்டர் செகண்ட் ஹேண்டில். ஒன்றில் மட்டும் தன்வீர் இறங்கி வரவில்லை. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்றான். கரும்புக்குத் தண்ணீர் இறைக்கிற நேரத்தில் அவர்கள் ஊரில் மின்விசிறி ஊசலாடுவது அவனுக்குத் தெரியாதா என்ன. வீட்டில் புளி, மிளகாய் வாங்குகிற கணக்குப் போலவே இருந்தது தமயந்திக்கு. மகளுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோனது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பத்து நாள்தான் அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான பத்து நாள்.

சாமான்களை மின்சார ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து கொண்டுவந்தாள் கவிப்பிரியா. வேணு ஒவ்வொரு பெட்டியாகக் கையில் எடுத்து எடை பார்த்தான். மோட்டார் வாங்கிப் பழகியவன், எடை இருந்தால் செம்பு, இல்லாவிட்டால் அலுமினியம், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த சாஸ்திரம். எஸ்எம்பிஎஸ் கனமாக இருந்தது, திருப்தி. ப்ராசசரைத் தூக்கினான். பிஸ்கட் அளவு இருந்தது.

"இந்தச் சில்லுக்கா அவ்ளோ துட்டு வாங்கிகினான்?" என்றான்.

"அதான் நைனா மூளையே" என்றாள் கவிப்பிரியா.

வேணு அதை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினான். ஸ்ரீதர், "பாயாண்ட கேட்டு வாங்கினது தான, அவங்களுக்குக் கமிசன் இல்லாமயா இருக்கும்" என்று ஒரு வார்த்தையை எடுத்துப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.

மறுநாள் காலை தன்வீர் வந்து பொருத்துவதாக ஏற்பாடு. சாமான் பிரித்து மேஜைமேல் இருக்கிறது, யார் கையும் படக்கூடாது என்று கவிப்பிரியா அம்மாவிடம் தனியாக ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள். தமயந்தியும் ஆங் என்றாள். ஆனால் நெஞ்சு கேட்க வேண்டாமா? ஆடி மாசம். ஆடியில் ஒரு துடைப்பம் வாங்கக்கூட அந்தப் பக்கத்தில் யோசிப்பார்கள், இத்தனை பணத்துக்குச் சாமான் வாங்கி வைத்திருக்கிறது. புதுப்புடவைக்கு மூலையில் மஞ்சள் வைக்காமல் யாராவது கட்டுவார்களா? டிராக்டர் வந்த அன்றைக்கு டயருக்கெல்லாம் வைத்தாள். மகள் பிழைப்புக்கு வந்த சாமானை அப்படியே மொட்டையாக விடுவதா?

கிருத்திகைக்கு மலையேறிக் கொண்டுவந்த குங்குமமும், குழைத்த மஞ்சளும் கிண்ணத்தில் இருந்தன. பெட்டிக்கு வைத்தாள், மானிட்டருக்கு வைத்தாள். அடுத்து மதர்போர்டு என்கிற பச்சைப் பலகை. அதன் நடுவில் சல்லடைபோல் பொடிப்பொடி ஓட்டையாக ஒரு சதுரம் இருந்தது. எத்தனையோ தடவை தன்வீர் சொல்லிக் கேட்டிருக்கிறாள், ப்ராசசர் உட்காருகிற பீடம் அது. சாமி உட்காருகிற இடத்துக்குத்தானே முதல் மஞ்சள். சதுரத்தின் நாலு மூலையிலும் விரலால் அழுத்தி வைத்தாள், நடுவில் ஒரு பொட்டுக் குங்குமம். வைத்த கையோடு மஞ்சள் ஓட்டைகளுக்குள் இறங்குவதைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள், அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மேலே ஒன்றும் தெரியவில்லை, பலகை பழையபடி இருந்தது. போன மூச்சு திரும்பி வந்து, பெட்டிக்கும் மானிட்டருக்கும் வைத்த மஞ்சளையும் துடைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

தன்வீர் வந்தான், இரண்டு பேரும் உட்கார்ந்து பொருத்தினார்கள். எல்லாம் முடிய மதியம் ஆயிற்று. வேணு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். கவிப்பிரியா முருகா என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் தீய்கிற வாடை வந்ததும் தன்வீர் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான்.

தன்வீர் விசிறியைக் கழற்றி, ப்ராசசரை மெதுவாகத் தூக்கித் திருப்பினான். தங்க ஊசிபோல் நிற்கிற கால்களில் நாலு மூலையிலும் மஞ்சள் அப்பியிருந்தது. ஒரு மூலை கருகியிருந்தது. அவன் தலையைத் தூக்கி நேராக அடுப்பங்கரை வாசலைப் பார்த்தான். தமயந்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேணு எழுந்து சட்டைப் பொத்தானில் கையை வைத்திருந்தான். தன்வீர் அதையும் பார்த்தான். சின்னப் பையனாக அப்பனோடு மோட்டார் மாட்ட வந்த காலத்திலேயே, கட்டுப்போட்ட கையோடு அவள் சாணி வாரியதைப் பார்த்தவன் அவன். ப்ராசசரைக் கைக்குட்டையில் சுருட்டிப் பையில் போட்டான்.

"பீசு சரியில்லண்ணா. கம்பனி தப்பு. கடையில குடுத்து மாத்திகினு வந்துடறேன்" என்றான் வேணுவிடம்.

"சரியில்லாததப் பாத்து வாங்கத்தான உன்ன வெச்சது?" என்றான் வேணு. அதோடு ஓர் அறை. சட்டையோடே விட்ட அறை, ஆனாலும் தன்வீரின் உதடு பல்லில் மோதிக் கிழிந்தது. கவிப்பிரியா நடுவில் புகுந்ததில் அவளுக்கும் ஒன்று. தன்வீர் வாயைத் துடைத்துக்கொண்டு மதர்போர்டையும் எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு போனான். நாலு நாளில் வரும் என்றான்.

சாயங்காலம் கவிப்பிரியா மாட்டுக் கொட்டகைக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. "எம்மா, நீ எதனா தொட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லியே" என்றாள் தமயந்தி.

பெற்ற மகளிடம், கேட்ட மாத்திரத்தில் வந்த பொய். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாள், ஆமாம் என்று சொன்னால் ஆகாதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். கேட்கிறவர்கள் அந்தக் கோணல் மணிக்கட்டோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். தன்வீர் மாற்றிக்கொண்டு வந்துவிடுவான், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று முருகனுக்குக் காசு முடிந்து வைத்தாள். அதற்குப் பிறகு களி கிண்டும்போதும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்று, களி அடிப்பிடித்தது. அதற்கும் திட்டு வாங்கினாள்.

நாலு நாள் போயும் சாமான் வராததில் விஷயத்தைக் கிளப்பிவிட்டவன் ஸ்ரீதர். பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, எங்கள் சாமான் மாற்றியாயிற்றா என்று சென்னைக் கடையில் கேட்டிருக்கிறான். மாற்ற முடியாதென்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டோமே, கொண்டுவந்த பையனே ஈரம் பட்டுவிட்டது என்று ஒத்துக்கொண்டானே என்றார்கள். ஸ்ரீதர் போனை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். வேணு வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

"நம்மகிட்ட பீசு சரியில்லன்றான், அங்க ஈரம் பட்டுச்சின்றான். எது நைனா நெஜம்? நல்லத எடுத்துகினு நமக்கு வீணாப்போனத மாட்டிட்டான்" என்றான்.

வேணு மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் காலைக்கூடக் கழுவாமல் மகன் பைக்கின் பின்னால் ஏறினான். கரும்பு ஆனை வாய்க்குப் போனால்கூடப் பரவாயில்லை, பாய் பையன் வாய்க்குப் போகவா விட்டேன் என்று வழிநெடுகக் கத்திக்கொண்டு போனதாகப் பிறகு ஸ்ரீதரே பெருமையாகச் சொன்னான்.

அந்தக் கத்தல் காதில் விழுந்து தமயந்தி சாலைக்கு ஓடினாள். செருப்பு போடவில்லை. தார் கொதித்துக்கொண்டிருந்தது. எந்த ஆட்டோவும் நிற்கவில்லை, காவடிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு எல்லாம் நிரம்பி வழிந்தன. ஒரு பால் வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டான். வண்டி போகப் போகச் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான்தாங்க மஞ்ச வெச்சேன், அவன் மேல தப்பு இல்லிங்க. இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

பஜார் தெருவில் கடை முன்னால் கூட்டம் கூடியிருந்தது. பக்கத்து நகைக்கடை சேட்டு ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு அதன் கீழாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தமயந்தி உள்ளே போனபோது தன்வீரின் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிச் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. ஸ்ரீதர் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தான். வேணு கையில் காயில் தட்டுகிற மரச்சுத்தி. நஜீர் அகமது வேணுவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார்.

"வேணுண்ணா, பணத்த நான் தர்றேண்ணா. இப்பவே தர்றேன். புள்ளய உட்டுடு" என்றார்.

"பணம் யாருக்கு வேணும். இந்தக் கை திருடுச்சா இல்லியான்னு அவனச் சொல்லச் சொல்லு" என்றான் வேணு.

"திருடல" என்றான் தன்வீர்.

"அப்ப எப்பிடி ஈரம் பட்டுச்சி?"

தன்வீர் நிமிர்ந்தான். நிமிர்ந்த கண் கூட்டத்துக்கு முன்னால் நின்ற தமயந்தி மேல் விழுந்தது. வேணுவும் திரும்பினான். நீ எங்கடி வந்தே என்று அவன் கேட்கவில்லை, சும்மா பார்த்தான். அவ்வளவுதான், பால் வண்டியில் முணுமுணுத்துக்கொண்டு வந்த வார்த்தையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாயைத் திறந்தாள். "வேணாங்க, உட்டுடுங்க" என்று மட்டும் வந்தது. அதை அவள் எல்லா அடிக்கும் சொல்வாள். யார் காதில் விழப்போகிறது.

மேஜை ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் முடுக்கியிருந்தது. வேணு சுத்தியைப் போட்டுவிட்டுத் தன்வீரின் வலது கையை இழுத்து அதன் வாய்க்குள் வைத்தான். ஸ்ரீதர்கூட ஒரு கணம் திகைத்தான், ஆனால் பிடியை விடவில்லை. வேணு கைப்பிடியைச் சுற்றினான். தன்வீர் அம்மா என்று அலறினான். நஜீர் எழுந்து வேணுவின் முதுகில் குத்தினார், கிழவர் குத்து அவனுக்குக் கொசுக்கடி. இன்னும் ஒரு சுற்று. எலும்பு நொறுங்குகிற சத்தம் கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் கேட்டது. அப்போதுதான் நாலு பேர் பாய்ந்து வேணுவை இழுத்தார்கள். முதல் சுற்றிலேயே பாய்ந்தால் ஆகாதா, பாவிகளா? தமயந்தியைச் சொல்ல வந்துவிட்டோம், ஊரே அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது.

வைஸைத் திருப்பிக் கையை வெளியே எடுத்தது தமயந்திதான். மூன்று விரல்கள் ஒட்டிப்போய், கை மாதிரியே இல்லை. முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை, சொல்கிற நிலையில் யாரும் இல்லை.

"ஏண்டா சொல்லல?" என்று கேட்டாள் அவன் காதருகில் குனிந்து.

"சொன்னா உங்கள அடிப்பாருன்னுதான் மா. இவ்ளோ பண்ணுவாருன்னு நெனைக்கல" என்றான் தன்வீர். கொஞ்சம் கழித்து, "நீங்களாவது சொல்லியிருக்கலாம் மா" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு விரலாவது நிற்குமா என்று பார்க்கிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆலம் பீ சுவரோடு சாய்ந்து, அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். கவிப்பிரியா ஸ்டுடியோவிலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். தமயந்தி ஆலம் பீக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான்தான் மஞ்ச வெச்சேன். அந்த ஓட்டைல. அதனாலதான் எரிஞ்சி போச்சி. உம்புள்ள அதப் பாத்துட்டு, நான் அடி வாங்குவேன்னு சொல்லாம இருந்துட்டான்" என்றாள். மகள் பக்கம் திரும்பி, "உங்கிட்டயும் பொய் சொன்னேன்" என்றாள்.

கவிப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆலம் பீ கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்காதவளாகப் பார்த்தாள். விளங்கியதும் ஓங்கி அறைந்தாள். இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று, பிறகு தலைமுடியைப் பற்றிக்கொண்டு முதுகில் மாறிமாறிக் குத்தினாள். கவிப்பிரியா தடுக்க வந்தாள். தமயந்தி, நீ கிட்ட வராதே என்று கையைக் காட்டினாள். எத்தனையோ அடி வாங்கியவள், எதற்கென்று தெரிந்து வாங்கியது அது ஒன்றுதான். கை ஓய்ந்ததும் ஆலம் பீ அவள் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அவளைத் தள்ளவும் மனசு வராமல், அணைக்கவும் துணிவு இல்லாமல் தமயந்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்ரீதர் வந்தான், பின்னாலேயே நஜீரும். அக்கம்பக்கத்துப் பெரிய மனுஷர்கள் அதற்குள் நஜீரிடம் பேசி முடித்துவிட்டார்களாம். அடிபட்ட கேஸ் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கிறது, போலீஸ் வந்தால் வேலை செய்யும்போது கை வைஸில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுவது, வைத்தியச் செலவை வேணு பார்த்துக்கொள்வது. நஜீர் தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொண்டிருந்தார். இதே பஜாரில் நாளைக்கும் கடை திறக்க வேண்டியவர், வேறு என்ன செய்வார்.

"எம்மா, எழுந்திரு. ஊட்டுக்குப் போலாம். நைனா வண்டியாண்ட நிக்கறாரு" என்றான் ஸ்ரீதர்.

ஏட்டு ஒருவர் உள்ளே வந்தார். நஜீரிடம் எப்படி நடந்தது என்று விசாரித்தார். நஜீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பையன் கவனமில்லாமல் கையை வைத்துவிட்டான் சார் என்றார். ஆலம் பீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஏட்டு எழுதப் போனார். ஆஸ்பத்திரி வாசலில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வேணு நின்றிருந்தான். அவன் பார்வை உள்ளேதான் இருந்தது. தமயந்தி அவனை ஒருமுறை பார்த்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பிடி எழுதாதிங்க சார்" என்றாள்.

ஏட்டு திரும்பினார். ஸ்ரீதர் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். கவிப்பிரியா வந்து அந்தக் கையை எடுத்துவிட்டு அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

"அவன் வெக்கல. எங்க ஊட்டுக்காரரு அவன் கைய இஸ்து வெச்சி முடுக்கினாரு. தோ, எம்மவன் புட்ச்சிகினான். நான் எதுருல நின்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். இந்தத் தடவை வார்த்தை ஒன்றும் விழுந்துபோகவில்லை. மஞ்சள் வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நஜீர் முகத்தை மூடிக்கொண்டார். வாசலில் இருந்தவனுக்குக் காது கேட்டிருக்காது, ஆனால் அவள் வாய் அசைவதைப் பார்த்து விளங்கிக்கொண்டான். சட்டையின் மேல் பொத்தானில் அவன் கை போனது.

ஏட்டு ஆளை அளப்பது போலப் பார்த்தார். கட்டின பெண்டாட்டியே வந்து சொல்கிறது அவருக்குப் புதுசு. வீங்கின கன்னத்தையும் கலைந்த தலையையும் கிழிந்த முந்தானையையும் கவனித்துவிட்டு, "உன்னையும் அடிச்சானாம்மா?" என்று கேட்டார்.

தமயந்தி கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

"இல்ல சார். இனிமேதான்" என்றாள்.